அயோ! ஒரு மிஷனரிப் பையனின் ஏழு நாட்கள்

மிஷனரி என்று சொன்னால் நம்மில் பலருக்கு இரண்டு படங்களில் ஒன்றுதான் மனதில் வரும். ஒன்று, தாடி வைத்துக்கொண்டு, வெயிலில் நடந்து, தமிழ் படித்து, இலக்கணமும் அகராதியும் எழுதிய வெள்ளைக்காரப் பெரியவர். இன்னொன்று, அரிசி மூட்டையைக் காட்டி ஆள் பிடிக்கிறவர். என் வீட்டிலேயே இந்த இரண்டு கட்சியும் உண்டு. பாட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்து படித்தவர், அவர் முதல் கட்சி. சித்தப்பா இரண்டாவது கட்சி. இருவரும் சொல்வதில் பாதிப் பாதி உண்மை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் சும்மா இருந்துவிடுவேன். இந்த இரண்டு படத்திலும் அடங்காத ஒருவனோடு போன வருடத்திலிருந்து ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். அதனால் வந்தது இந்தக் கட்டுரை.

என் ரூம்மேட் அரிசோனாக்காரன். வெளியில் 'மார்மன்' என்று சொல்வார்களே, அந்தச் சபையைச் சேர்ந்தவன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். மார்மன் என்ற பட்டப்பெயர் வேண்டாம் என்று 2018-ல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டதால் இவனும் முழுப்பெயரைத்தான் சொல்வான், அதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும் :-)

அந்தச் சபையில் பையன்கள் பள்ளிப்படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் மிஷனரியாகப் போவது வழக்கம். முன்பு 19 வயது ஆகவேண்டும், 2012-ல் அதை 18 ஆக்கினார்கள். எந்த நாடு என்று நாம் கேட்க முடியாது, சபை சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். சம்பளம் கிடையாது, நம் கையிலிருந்துதான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020-லிருந்து மாதம் 500 டாலர். ஏழை நாட்டுக்குப் போனாலும் பணக்கார நாட்டுக்குப் போனாலும் அதே தொகைதான். இவன் பள்ளியில் படிக்கும்போதே பீட்ஸா கடையில் வேலை பார்த்துச் சேர்த்திருக்கிறான், மீதியை அப்பா போட்டிருக்கிறார்.

இவனுக்குக் கிடைத்தது பிலிப்பைன்ஸ். 2022-லிருந்து 2024 வரை. போகும்போது வயது 19. நம் ஜி.யு.போப் 1839-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கும் அதே 19 வயதுதான் என்று சொன்னேன். "அவர் எத்தனை வருடம் இருந்தார்?" என்று கேட்டான். ஏறக்குறைய நாற்பது வருடம் என்றேன். "அப்படியென்றால் அவரோடு என்னைச் சேர்க்காதே" என்று சொல்லிவிட்டான்.

மிஷனரிகள் வாரம் ஒருமுறை, பெரும்பாலும் திங்கட்கிழமை, வீட்டுக்கு இமெயில் எழுதுவார்கள். வீட்டுக்குப் போன் பேச முன்பெல்லாம் வருடத்தில் இரண்டு நாள்தான் அனுமதி. 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பேசலாம் என்று மாற்றினார்கள். ஆனாலும் இவன் அம்மாவுக்குக் கடிதம் தான் வேண்டுமாம். நூறு வாரக் கடிதங்களையும் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார். அதை ஒருநாள் என்னிடம் படிக்கக் கொடுத்தான். பெயர்கள் எதுவும் வராமல் பார்த்துக்கொள், மற்றபடி நீ எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நூறு வாரத்தில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2023 ஜூன், மழைக்காலம். இடம் தெற்கு லேய்டே மாகாணத்தில் கடலோரத்து ஊர் ஒன்று.

திங்கள்

அவர்களுக்கு இது விடுமுறை நாள். விடுமுறை என்றால் துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, அறை கழுவுவது. வாஷிங் மெஷின் இல்லை, தகர வாளியும் துணிச் சோப்பும்தான். கூடத் தங்கியிருந்தவன் மிண்டனாவோ தீவிலுள்ள தாவோ நகரத்துப் பையன். மிஷனரிகள் எப்போதும் இருவர் இருவராகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக்கூடாது. சட்டைக் காலரை எப்படிக் கசக்க வேண்டும் என்று அந்தப் பையன்தான் இவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

அறையிலிருந்து நூறு அடியில் கடல். பளிங்கு மாதிரித் தண்ணீர். ஆனால் மிஷனரிகள் நீச்சல் அடிக்கக்கூடாது என்பது விதி. இரண்டு வருடம் தீவிலேயே வாழ்ந்து முழங்காலுக்கு மேல் கடலில் நனையாமல் திரும்பி வந்த ஒரே முட்டாள் நான்தான் என்பான். மாலை ஆறு மணிக்கு விடுமுறை முடிந்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயரட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

செவ்வாய்

கதவு தட்டும் நாள். அங்கே செபுவானோ மொழி பேசுகிறார்கள், ஊர் வழக்கில் பிசாயா. யாருடைய வீட்டுக்காவது போனால் வாசலில் நின்று "அயோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆறடி வெள்ளைக்காரப் பையன் ஒருவன் மழையில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அயோ, அயோ என்று கத்துவதை நினைத்துப் பாருங்கள். நம் ஊராக இருந்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்று பக்கத்துவீட்டுக்காரர்கள் ஓடிவந்திருப்பார்கள். அங்கே உள்ளேயிருந்து "டாயோன்" என்று பதில் வந்தால் உள்ளே போகலாம்.

அன்று பதினேழு வீடு. நான்கு வீட்டில் உட்காரச் சொன்னார்கள், ஒரு வீட்டில்தான் பேசவிட்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நாங்கள் கத்தோலிக்கர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு கேள்வி வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். அது ஏற்கெனவே கிறிஸ்தவ நாடு. 2020 கணக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்கு மேல் கத்தோலிக்கர். அதிலும் இவன் இருந்த மாகாணத்தில்தான் லிமசாவா தீவு இருக்கிறது. மெகல்லனின் கப்பல்கள் வந்து, 1521 மார்ச் 31-ல், பிலிப்பைன்ஸின் முதல் திருப்பலி நடந்ததாகக் கொண்டாடும் இடம். அடுத்த மாதமே செபுவின் ராஜா ஹுமபோனும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஏப்ரல் 27-ல் மெகல்லன் மக்தான் தீவில் லாபுலாபுவின் ஆட்களிடம் சண்டை போட்டுச் செத்தும் போனார். ஐந்நூறு வருடமாக இயேசுவைக் கும்பிடுகிறவர்களுக்குப் போய் இவன் என்ன சொல்லிக்கொடுப்பது?

கேட்டேன். அவன் சபைப்படி பைபிளோடு இன்னொரு வேதப்புத்தகமும் உண்டு. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் சபையைத் தொடங்கியபோது அசல் திருச்சபை மீண்டும் வந்துவிட்டது என்பது நம்பிக்கை. குடும்பம் சாவுக்குப் பிறகும் பிரியாமல் சேர்ந்திருக்கும் என்பது இன்னொரு முக்கியமான போதனை. பிலிப்பைன்ஸில் மக்களைத் தொட்டது கடைசியில் சொன்னதுதான் என்றான். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிற நாடு அது. மனைவி ஹாங்காங்கில், அப்பா சவூதியில். குடும்பம் பிரியாது என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வார்கள். 1961-ல் முதல் மிஷனரிகள் போன நாட்டில் இன்று அந்தச் சபைக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

புதன்

இந்த நாளின் கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாரத்தில் சில மணி நேரம் சேவைக்கென்று ஒதுக்க வேண்டும். அன்று ஒரு விவசாயி வயலில் நாற்று நட்டிருக்கிறார்கள். அந்த விவசாயி இவர்கள் சபைக்காரர் அல்ல, சேரப்போகிறவரும் அல்ல. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, வழியில் பார்த்து வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் இடுப்பு போய்விட்டதாம். நாற்றை எத்தனை விரல் ஆழத்தில் வைக்க வேண்டும் என்று தெரியாமல் இவன் வைத்ததெல்லாம் மிதக்க, ஒரு பாட்டியம்மா பின்னாலேயே வந்து அத்தனையையும் பிடுங்கித் திரும்ப நட்டிருக்கிறார். "நான் செய்த சேவையைத் திருத்துவதற்கு அந்தப் பாட்டி இரட்டை வேலை பார்த்தார்" என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறான்.

அதே கடிதத்தில், இந்த மொழியில் அரிசிக்கு மூன்று பெயர் இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தான். வயலில் இருந்தால் ஹுமாய், உமி நீக்கினால் புகாஸ், வெந்தால் கனோன். நான் உடனே அவனைக் கூப்பிட்டு நெல், அரிசி, சோறு என்றேன். அவர்களிடம் மிச்சமான பழைய சோற்றுக்கும் பாஹாவ் என்று தனிப்பெயர் உண்டு என்றான். நம்மிடமும் உண்டு, பழையது. இங்கிலீஷில் எல்லாமே ரைஸ். சோறு தின்கிற ஊருக்கும் தின்னாத ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிந்துவிடும் என்று அவனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மதியம் வரப்பில் சாப்பாடு. சோறு, கீரை போட்ட குழம்பு, கருவாடு. கூடவே ஒரு பிளாஸ்டிக் குடத்தில் துபா, அதாவது தென்னங்கள். மரப்பட்டைத் தூள் போட்டுச் சிவப்பாக இருக்கும். இவன் சபையில் மது, புகையிலை, டீ, காப்பி எதுவும் கூடாது. வேண்டாம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, அவனுக்காக ஒரு பையன் மரமேறி இளநீர் பறித்துப் போட்டிருக்கிறான். உதவி செய்யப் போனவனுக்கு அவர்கள் செய்த உபசாரம் இது.

வியாழன்

இந்த வாரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த நாள்தான்.

நான்கு மாதமாக ஒரு குடும்பம் இவர்களிடம் பாடம் கேட்டுவந்தது. கணவர் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவர். மனைவி தெருவோரம் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்து விற்பவர். மூன்று பிள்ளைகள். 2021 டிசம்பர் 16-ல் வீசிய ஒடெட் புயலில் கூரை பறந்து, ஒன்றரை வருடமாகப் பாதி வீட்டுக்குத் தார்ப்பாய்தான். ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தார்கள். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர்களாகவே கேட்டார்கள்.

கணவன் மனைவி என்றேன். ஆனால் அவர்கள் சட்டப்படி மணந்தவர்கள் அல்ல. அவர் இருபது வயதில் வேறொரு பெண்ணைக் கோயிலில் மணந்திருக்கிறார். அந்தப் பெண் விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. பிலிப்பைன்ஸ் சட்டத்தில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்தே கிடையாது. திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்கலாம். அதற்கு வக்கீல் செலவும் வருடக்கணக்கான அலைச்சலும் ஆகும், தினக்கூலிக்காரருக்கு எட்டாத காரியம். அதனால் பதினோரு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்து மூன்று பிள்ளை பெற்றும் அவர்கள் காகிதத்தில் யாரோ யாருக்கோ. ஞானஸ்நானத்துக்கு முன்னால், சேர்ந்து வாழ்கிறவர்கள் முறையாக மணந்திருக்க வேண்டும் என்று சபை எதிர்பார்க்கும்.

அந்த வியாழன் நடத்த வேண்டிய பாடம் அதுதான். பத்தொன்பது முடிந்து இருபது தொடங்கிய பையன். இரண்டு வருடம் பெண் நண்பர்களோடு சினிமாவுக்குக்கூடப் போகக்கூடாது என்ற விதியில் இருப்பவன். மூன்று பிள்ளைகளின் அம்மாவுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திருமண ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னான். அந்த அம்மா கோபப்படவில்லை. "அப்படியென்றால் என் பிள்ளைகளின் அப்பாவை அனுப்பிவிட்டு வந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இவனுக்கு அதற்குப் பதில் சொல்லும் அளவு பிசாயா வரவில்லை. இங்கிலீஷிலும் வந்திருக்காது என்கிறான். தாவோ பையன்தான் பேசினான். யாரும் யாரையும் அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல வாருங்கள், மற்றதைப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். அன்றைய கடிதத்தில் இதைப் பற்றி நான்கே வரிகள். நாற்று நட்ட கதைக்கு ஒன்றரைப் பக்கம். அம்மா கவலைப்படுவார் என்று சுருக்கிவிட்டான், மீதியை என்னிடம் வாயால் சொன்னான்.

வெள்ளி

காலையில் வாராந்திரத் திட்டம். யார் யாருக்கு எந்தப் பாடம், யாருக்கு ஞானஸ்நானத் தேதி என்பதெல்லாம் போனில் ஒரு செயலியில் இருக்கும். அந்தக் குடும்பத்துக்குப் போட்டிருந்த தேதியை அன்று எடுக்க வேண்டியிருந்தது. மாலையில் இலவச ஆங்கில வகுப்பு. பதினான்கு பேர் வந்தார்கள், பாதிப்பேர் நர்சிங் படித்து வெளிநாடு போக நினைப்பவர்கள். அவர்களுக்கு மதம் வேண்டாம், உச்சரிப்பு வேண்டும். இவன் இரண்டு மணி நேரம் 'எஃப்'புக்கும் 'பி'க்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

சனி

அந்த வீட்டுக்குக் கூரை போட்டுத் தருவதாக மூன்று வாரம் முன்பே பேச்சு. வியாழனுக்குப் பிறகு அந்தப் பேச்சு நிற்குமா என்பதுதான் எனக்குப் படிக்கும்போதே இருந்த சந்தேகம்.

போயிருக்கிறார்கள். உள்ளூர் சபைக்காரர்கள் ஐந்து பேர், இவர்கள் இருவர். தகரமும் தென்னங்கட்டைச் சட்டங்களும் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. காலையில் மழை விட்ட இடைவெளியில் ஆரம்பித்து, மறுபடி மழை வருவதற்குள் முடித்துவிட்டார்கள். இவனை மேலே ஏறவிடவில்லை, கனத்தால் சட்டம் முறிந்துவிடும் என்று ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அம்மா எல்லோருக்கும் பொரித்த வாழைப்பழம் கொடுத்தார். வியாழன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஞாயிறு

இரண்டு மணி நேர ஆராதனை. அந்தக் குடும்பம் ஐந்து பேரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடிதம் அதோடு முடிகிறது.

இதைப் படித்து முடித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் நடுராத்திரி வரை சண்டை போட்டோம். நான் சித்தப்பாவின் வக்கீலாக மாறிவிட்டேன். "நீ கூரை போட்டது அவர்கள் சேர வேண்டும் என்றுதானே? அது தூண்டில்தானே?" என்றேன்.

அவன் மழுப்பவில்லை. "அவர்கள் சேர வேண்டும் என்று நான் விரும்பினேன், இன்றும் விரும்புகிறேன். அதை மறைக்கவில்லை, சபையின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் போனேன். ஆனால் சனிக்கிழமை கூரை போடும்போது அவர்களால் சேர முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்" என்றான்.

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசித்துப் பார்த்ததில் இரண்டு விஷயம் தெளிவானது. ஒருவர் செய்யும் சேவை தூண்டிலா இல்லையா என்பதை அவர் மனதைப் பிளந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் எதிர்பார்த்தது நடக்காது என்று தெரிந்த பிறகு அவர் வருகிறாரா என்று பார்க்கலாம். மதத்துக்கு மட்டுமல்ல, தேர்தலுக்கு முன் வரும் கட்சிக்காரர்களுக்கும், கல்லூரியில் சான்றிதழுக்காக நாம் செய்யும் சமூக சேவைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் முடிந்த பிறகு அந்தக் கிராமத்துக்கு இன்னொருமுறை போனவர்கள் எத்தனை பேர் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாவது, வியாழக்கிழமை விஷயத்தில் நான் அவனோடு இன்னமும் ஒத்துப்போகவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு சின்னப் பையன், பதினோரு வருடம் சேர்ந்து உழைத்த இருவரின் வாழ்க்கையை முறையானது, முறையற்றது என்று பிரித்துச் சொல்லும் இடத்தில் உட்கார்த்தப்படுவது சரியில்லை. அதை அவனிடமும் சொன்னேன். பாடத்தை நம்புகிறேன், ஆனால் அதைச் சொல்லும் வயது எனக்கு அன்று இருக்கவில்லை என்றான். அதற்கு மேல் நான் அழுத்தவில்லை.

அந்தக் குடும்பத்தோடு அவன் இன்றும் மெசஞ்சரில் பேசுகிறான். மூத்த பெண் ஹைஸ்கூல் போகிறாள். கூரை ஒழுகவில்லை. ஞானஸ்நானம் இன்னும் நடக்கவில்லை. 2024 மே மாதம் பிலிப்பைன்ஸ் கீழவையில் விவாகரத்து மசோதா நிறைவேறியது. அன்று இரவு இவன் தூங்கவில்லை. ஆனால் செனட்டில் அது நகரவில்லை, 2025 ஜூனில் அந்த நாடாளுமன்றக் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் செனட் செய்தியைக் காலையில் எழுந்ததும் தேடிப் படிக்கிற அரிசோனாக்காரன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

என்னை அவன் சபைக்குக் கூப்பிட்டானா என்று கேட்பீர்கள். ஒருமுறை கூப்பிட்டான், வேண்டாம் என்றேன், விட்டுவிட்டான். நான் அவனுக்குப் பழைய சோறு பழக்கியிருக்கிறேன். மோரும் சின்ன வெங்காயமும் போட்டு வாரத்தில் இரண்டு நாள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். பாஹாவ் இதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்வதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.